நொய்யல் கரையின் மணித்தொழில்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கொங்கு நாட்டின் வறண்ட மேட்டு நிலத்தை ஊடறுத்துச் சென்று காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. உழவு நிலங்களும், அவற்றினிடையே பண்டை மக்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பிய கல்வட்டங்களும் தவிர, பார்ப்பவர் கண்ணை ஈர்க்கத்தக்கது அங்கு வேறொன்றும் இல்லை. ஆயினும், பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அருங்கலங்களுக்குப் பெயர்பெற்றதாகக் குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்று அறிஞர் கொள்வர். 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தொடங்கி நடத்திய அகழாய்வுகள் அக்கொள்கைக்கு மண்ணுக்கடியிலிருந்தே சாட்சியம் தேடித் தந்தன. அங்கு வெளிப்பட்டவை அரண்மனையும் அல்ல, கோயிலும் அல்ல. கல்லை உடைத்து, தேய்த்து, துளையிட்டு, மணியாக்கி உலகத்துக்கு அனுப்பிய தொழிலாளரின் பட்டறைகளே ஆகும்.

நமது சரித்திர நூல்கள் மன்னரின் வெற்றிகளையும் வணிகரின் செல்வத்தையும் விரித்துரைக்கும் அளவுக்குக் கைவினைஞரின் வாழ்வை உரைப்பதில்லை. மணி என்றால் அதை அணிந்த அரசியும், அதை விலைகொண்ட யவனனும் நம் நினைவுக்கு வருகின்றனரே அன்றி, அதன் நடுவே நூல் நுழையத் துளை கண்ட கரங்கள் நினைவுக்கு வருவதில்லை. கல்லைக் கொடுத்தது இயற்கை. அதற்கு மதிப்பைக் கொடுத்தது மனிதனின் கை. இந்த உண்மையைக் கொடுமணலைப் போலத் தெளிவாக எடுத்துரைக்கும் ஸ்தலம் தமிழகத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

இயற்கை அவ்வட்டாரத்துக்கு வஞ்சனை செய்யவில்லை என்பதும் மெய்தான். காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் பச்சைக்கல்லும், சிவன்மலைப் பகுதியில் நீலக்கல்லும், வெங்கமேட்டுப் பக்கத்தில் பளிங்கும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியப் பேரறிஞர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் பெரில் கற்களுள் கடல்நீரின் பசுமையை ஒத்தவையே தலைசிறந்தவை என்றும், ஒளி பட்டுத் திரும்பாவிடில் அவற்றின் நிறம் மங்கித் தோன்றுமாதலால் அவற்றை அறுபட்டையாகத் தீட்டுவது வழக்கம் என்றும் எழுதிவைத்தார். பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரில் போலச் செய்யும் வித்தையையும் இந்தியர் அறிந்திருந்தனர் என்று அவர் சேர்த்துக் கூறுவது, குறையாகச் சொல்லப்பட்டதாயினும், நம் தொழிலாளரின் சாமர்த்தியத்துக்கு ஒரு நற்சான்றாகவே அமைந்துவிடுகிறது. கோயம்புத்தூர்ச் சீமையெங்கும் புதையலாகக் கிடைத்துவரும் ரோமானியக் காசுகள் இந்த வாணிபத்தின் மறுபக்கத்தை நமக்குக் காட்டுகின்றன.

ஆனால் கொடுமணலில் மிகுதியாகக் கிடைக்கும் மணிகளுள் முக்கியமானது உள்ளூர்க் கல்லால் ஆனதன்று என்பதே சிந்திக்கத்தக்கது. செந்நிறத்தில் ஒளிரும் சூதுபவளம் கொங்கு நாட்டில் விளைவதில்லை. அது கூர்ஜர தேசத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் நெடுவழி கடந்து வந்திருக்க வேண்டும். அத்தகைய சூதுபவள மணிகள் ஒரே ஈமச்சின்னத்தில் 2,220 என்னும் தொகையில் கண்டெடுக்கப்பட்டன. சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த சிறியதொரு புலியுருவமும் அங்கே வெளிப்பட்டது. பச்சைக்கல் தன் வாசலிலேயே கிடைக்கும் ஊர், அயல்நாட்டுக் கல்லையும் வருவித்துப் பயன்கொண்டது ஏன்? தொழில் தெரிந்த கை அங்கே இருந்தது என்பதே விடை. சுரங்கம் இருந்ததால் மட்டும் ஓர் ஊர் பட்டறையாகிவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கை இருக்கும் இடத்தைத் தேடி மூலப்பொருள் தானே வந்து சேர்கிறது.

அந்தக் கையின் வேலையைச் சற்று அருகிலிருந்து காண்போம். முதலில் கரடான கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டி, வேண்டிய வடிவத்துக்கு நெருங்கிய உருவம் கொடுக்க வேண்டும். பின்னர்ப் பள்ளம் விழுந்த கற்பலகையில் தேய்த்து மேடுபள்ளம் நீக்க வேண்டும். அதன்பின் மெருகேற்ற வேண்டும். துளையிடுதலே இவை யாவற்றினும் கடினமானது. பளிங்கின் கடினம் 7 என்றால் பெரிலினது அதற்கும் மேல், நீலக்கல்லினது 9. இவற்றை இரும்பு ஊசி துளைக்காது. கூர்ஜரத்துக் காம்பே நகரில் இந்நாள்வரை வழங்கிவரும் முறையைக் கண்டால் பழைய முறையை ஒருவாறு ஊகிக்கலாம்: மெல்லிய இரும்புக் கம்பியின் நுனியில் கடுகிலும் சிறிய இரு வைரத் துணுக்குகளைப் பதித்து, மரப்பிடியில் இறுக்கிய மணியின்மேல் அதை நிறுத்தி, வில்லின் நாணால் முன்னும் பின்னும் சுழற்றி, துளையில் ஓயாது நீர் சொட்டவிட்டு, பாதி தூரம் சென்றதும் மணியைத் திருப்பி மறுமுனையிலிருந்து துளைத்து, இரு துளைகளும் நடுவே இம்மியும் பிசகாமல் சந்திக்கும்படி செய்வார்கள். கை ஒரு கணம் தளர்ந்தால், அதுவரை செலவிட்ட உழைப்பு முழுவதும் இரண்டாகப் பிளந்துபோகும்.

முழுமையடைந்த மணி தன்னைச் செய்தவனின் உழைப்பை மறைத்துவிடுகிறது. மெருகு ஏற ஏற உளியின் தடமும் தேய்ப்புக் கோடுகளும் அழிந்து, அது இயற்கையிலேயே அப்படித் தோன்றியது போலக் காட்சியளிக்கிறது. துளை தொடங்கிக் கைவிடப்பட்ட மணியும், உருவம் பெற்றுத் துளை பெறாத மணியும், தட்டிய சில்லுகளின் குவியலுமே தொழிலின் படிகளை ஒவ்வொன்றாக நமக்குக் கற்பிக்கின்றன. கொடுமணலில் மணிகள் இவ்வாறு எல்லா நிலைகளிலும் கிடைத்திருப்பதனாலேதான், அவ்வூர் மணிகளை விலைக்கு வாங்கிய ஊர் அன்று, செய்து விற்ற ஊர் என்று ஆராய்ச்சியாளர் நிச்சயமாகக் கூற முடிகிறது. ஒருகாலத்தில் கழிவென்று வீசியெறியப்பட்டது இன்று முதன்மையான ஆவணமாகியிருக்கிறது.

கல்லில் கண்ட இத்திறம் கண்ணாடியிலும் விளங்கியது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டில், 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட ரோமானிய மட்கலங்கள் அறிஞர் உலகைப் பெரிதும் ஈர்த்தன. ஆனால் உலகச் சரித்திரத்துக்கு அரிக்கமேடு அளித்த கொடை, வெளியிலிருந்து வந்த மட்கலங்களைக் காட்டிலும் அங்கிருந்து வெளியே சென்ற சிறு கண்ணாடி மணிகளே என்று சொல்வது மிகையாகாது. அரிசி மணியளவே ஆன, சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நீலமும் கருப்புமான இவ்வகை மணிகள், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கொரியா வரை பரவிக் கிடப்பதைக் கண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ், அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். திமோர் தீவில் இவற்றுள் சிவப்பு மணிகளைக் குடும்பச் செல்வமாகப் போற்றி, விவாகச் சீரிலும் வைத்து வழங்கினர்.

இவற்றைச் செய்த முறையும் வியப்புக்குரியது. ஒவ்வொரு மணியையும் தனித்தனியே வார்க்காமல், உருகிய கண்ணாடியை இரும்புக் குழலின் நுனியில் திரட்டி, அதன் நடுவே ஒரு கம்பியைச் செலுத்தித் துளையுண்டாக்கி, சூடு ஆறுமுன் அதை மெல்லிய நீண்ட குழலாக இழுத்துக்கொண்டே போவார்கள். அக்குழலைத் துண்டுதுண்டாக நறுக்கி, துளை அடைபடாதிருக்கச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்குவார்கள். கல்லில் ஒரு துளைக்கு நெடுநேரம் உழைத்த கைவினைஞனின் மரபுக்கு அருகிலேயே, ஓர் இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகளுக்குத் துளை தரும் உபாயமும் வளர்ந்தது. அரசிக்குரிய ஆபரணம் ஏழைப் பெண்ணின் கழுத்துக்கும் எட்டும்படி செய்தது இந்த உபாயமே. இவ்வித்தை முற்றும் மறைந்துவிடவில்லை. ஆந்திர தேசத்தில் திருப்பதிக்கு அணித்தேயுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் உலையருகே நின்று குழல் இழுத்த குடும்பங்களைக் கண்டே, பழைய மணிகள் பிறந்த விதத்தை ஆராய்ச்சியாளர் உணர்ந்தனர்.

இத்தொழிலாளர் யார்? மதுரைக்காஞ்சி, அம்மாநகரின் வீதிகளை வருணிக்கையில், சங்கு அறுப்போரோடும் பொற்கொல்லரோடும் மணிகளைத் துளையிடுவோரையும் சேர்த்து எண்ணுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, நவமணிகளின் குணங்களையும் குற்றங்களையும் அறிந்தோர் வாழ்ந்த வீதியைக் காட்டுகிறது. தனியொருவரின் பெயரை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. சயாம் என்று முன்னர் வழங்கிய தாய்லாந்து நாட்டின் மேற்குக் கரையில், ஏராளமாக மணிகள் கிடைக்கும் குளோங் தோம் என்னுமிடத்தில், பொன்னின் மாற்றைக் காணும் உரைகல் ஒன்று அகப்பட்டது. அது பெரும்பதன் என்பானுக்கு உரிய கல் என்று தமிழ் பிராமி எழுத்தில் அதன்மேல் பொறித்திருக்கிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன், தன் தொழிற்கருவியையும் மொழியையும் உடன்கொண்டு அயல்நாடு சென்ற ஒரு தமிழ்க் கைவினைஞன், தன் பெயரைப் பதித்துவைக்கும் அளவுக்கு எழுத்தறிவும் தன்மதிப்பும் உடையவனாக இருந்தான். கொடுமணலில் பெயர் பொறித்த பானையோடுகள் மிகுதியாகக் கிடைத்திருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், கைத்தொழில் கல்வியறிவற்றோரின் தொழில் என்னும் பிற்காலத்து எண்ணம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

இன்றும் கொங்கு நாட்டில் உழுசாலில் மழைக்குப் பின் கற்கள் மின்னுவதுண்டு. கருகமணி கோத்து அணியும் வழக்கமும் நம் பெண்களிடையே அற்றுவிடவில்லை. ஆயின் பொருள் நிலைத்தால் மட்டும் தொழில் நிலைத்ததாகாது. பச்சைக்கல் பூமிக்குள் இன்னும் எத்தனை நூற்றாண்டானாலும் கெடாமல் கிடக்கும். கையின் பயிற்சியோ ஒரு தலைமுறை இடைவிட்டால் போதும், பிறகு எந்த அகழாய்வாலும் அதை மீட்க இயலாது. பட்டறை மேடுகளைக் காப்பது அரசின் கடமை என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அதனினும் அவசரமானது, காம்பேயிலும் பாப்பாநாயுடுபேட்டையிலும் எஞ்சியுள்ள முதியோரிடமிருந்து வில்லையும் உலையையும் ஆளும் முறையை இளைஞர் சிலரேனும் கற்றுக்கொள்ளும்படி செய்வது. மணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமை கொள்ளும் நாம், அவற்றைச் செய்தோரின் மரபுக்கு வாழ்வளிப்பதையும் அப்பெருமையின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும்.