கொழுப்பும் இதயமும்: ஒரு வரலாற்று நோக்கு

‘கொழுப்பு’ என்னுஞ் சொல் நமது பேச்சு வழக்கில் உடலிலுள்ள ஒரு பொருளை மட்டும் குறிப்பதன்று. செருக்குடையவனைக் ‘கொழுப்பெடுத்தவன்’ என்கிறோம். உழைக்காது உண்பவனை ‘உண்டு கொழுத்தவன்’ என்கிறோம். முற்போக்கு ஏடுகளின் கேலிச்சித்திரங்களும் இவ்வழக்கையே பின்பற்றின. முதலாளி எனிற் பருத்த தொந்தி, தொழிலாளி எனில் ஒட்டிய வயிறு என்பது அவற்றின் எழுதாத இலக்கணம். ஒரு காலத்தின் உண்மை அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று செல்வந்த நாடுகளில், சிறப்பாகப் பெண்களிடையே, உடற்பருமன் வறியவரிடத்திலேயே மிகுந்து காணப்படுகிறது. பழைய சித்திரத்தை மாற்றாது வைத்துக்கொள்வோமாயின், நோயுற்ற தொழிலாளியையே பெருந்தீனிக்காரன் என்று நாமும் தூற்ற நேரிடும். ஆதலாற் கொழுப்பு என்பது யாது, அது இதயத்தை எவ்வாறு பாதிக்கிறது, இவ்வறிவு எவ்வழியே வளர்ந்தது என்பவற்றை ஆராய்வது நமக்கு வெறும் மருத்துவ ஆர்வம் அன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் இதயக் கொழுப்பைப் பிரேத பரிசோதனை மேசையிலேயே கண்டனர். 1850இல் இலண்டன் மருத்துவரான றிச்சட் குவெயின் அதனை இருவகையாகப் பிரித்தார். இதயத்தின் மேற்பரப்பிலும் தசைநார்களின் இடையிலும் கொழுப்பிழையம் மிகுந்து வளர்தல் ஒன்று. தசைநாரே சீர்கெட்டு அதனுள்ளே கொழுப்புத் துளிகள் தோன்றுதல் மற்றையது. 1858இல் வெளிவந்த கலநோயியல் விரிவுரைகளில் ஜேர்மனிய அறிஞர் றூடொல்ப் விர்ச்சோவும் இவ்வேறுபாட்டை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு ஆராய்ந்தார். இவ்விருவருக்கும் கொழுப்பு என்பது ஒரு சுமை. தானாக எதனையும் செய்யாத சேமிப்பு. இதே விர்ச்சோதான் 1848இல் மேற் சைலீசியாவில் ஏழைகளிடையே பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராய்ந்து, சனநாயகமும் கல்வியும் பொருளாதாரச் சீர்திருத்தமுமே அதற்கு மருந்து என அரசுக்கு அறிக்கை எழுதியவர். கலத்தை ஆராய்ந்த கண்ணும் சமூகத்தை ஆராய்ந்த கண்ணும் ஒருவருக்கே இருந்தன. எனினும் கொழுப்பைப் பொறுத்தவரை அவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று அணுகுவதற்கு மேலும் நூறாண்டு வேண்டியிருந்தது.

அந்த அணுகுதல் இரண்டாம் உலகப் போரின் பின்னரே தொடங்கியது. 1947இல் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக், உடலில் எவ்வளவு கொழுப்பு உண்டு என்பதிலும் அஃது எங்கே உண்டு என்பதே முக்கியம் என்றார். இடுப்பிலும் தொடையிலும் திரளும் கொழுப்பைவிட உடலின் மேற்பகுதியிலே திரளும் கொழுப்பே நீரிழிவுக்கும் நாடிநோய்க்கும் நெருங்கியது என அவர் கண்டார். ஆறாண்டுகளின் பின்னர், 1953இல், ஜெரி மொறிஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். இரட்டைத்தட்டு பஸ்ஸின் சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறான்; நடத்துநனோ படிகளில் ஏறியிறங்கிய வண்ணமே இருக்கிறான். முடியுரு நாடி நோய் சாரதியிடமே கூடுதலாகக் காணப்பட்டது.

1956இல் அவர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். தொழிலாளருக்கு வழங்கப்பட்ட சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவை ஆராய்ந்தபோது, சாரதியின் இடுப்பே பெரிதெனத் தெரியவந்தது. இளவயதினரிடையேயும் இவ்வேறுபாடு இருந்தது. அவ்வாறாயின் பருத்தவர்களே சாரதிகளாகச் சேர்ந்தனரோ என்ற ஐயம் எழுவது இயல்பு. மொறிஸ் அதனை மறைக்கவில்லை. ஆனால் மெலிந்தவன், நடுத்தரமானவன், பருத்தவன் என எவ்வகையினரை ஒப்பிட்டாலும், திடீர் இதய மரணம் நடத்துநரிடையே குறைவாகவே இருந்தது. ஒரு தொழிலாளியின் உழைப்பு முறை அவனது இதயத்திலே பதிகிறது என்பதற்குத் தையற்காரனின் அளவுகோல் சான்றாயிற்று. எவ்வழியாகப் பதிகிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

அவ்வழியின் ஒரு பகுதி ஐக்கிய அமெரிக்காவின் பார் ஹார்பர் என்னும் சிற்றூரில், ஜக்சன் ஆய்வுகூடத்திலே வெளிப்பட்டது. 1949இல் அங்கே அளவின்றி உண்டு பருக்கும் ஒரு சுண்டெலி வகை தோன்றியது. 1966இல் அதனையொத்த, ஆனால் கடும் நீரிழிவும் கொண்ட இன்னொரு வகை அறியப்பட்டது. டக்ளஸ் கோல்மன் என்பார் இரு சுண்டெலிகளின் குருதி கலக்குமாறு அவற்றின் உடல்களை இணைத்துப் பார்த்தார். நீரிழிவு எலியுடன் இணைக்கப்பட்ட சாதாரண எலி உண்பதை நிறுத்திப் பட்டினியால் இறந்தது. முதல் வகைப் பருத்த எலிக்கும் அதே கதி நேர்ந்தது. குருதியிலே பசியை அடக்கும் ஒரு பொருள் உண்டு. ஒருவகை எலியால் அதனை ஆக்க முடியவில்லை, மற்றதனால் அதனை உணர முடியவில்லை என 1973அளவில் கோல்மன் முடிவு செய்தார். 1994இல் நியூ யோர்க் நகரில் ஜெவ்ரி பிரீட்மனின் குழுவினர் அதற்குரிய பரம்பரை அலகைக் கண்டறிந்தனர். அவ்வலகு ஆக்கும் ஓமோனுக்கு, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘லெப்ரின்’ எனப் பெயரிட்டனர். அதனைச் சுரப்பது மூளையன்று, சுரப்பியன்று. செயலற்றது எனக் கருதப்பட்டுவந்த கொழுப்பிழையமே.

விஞ்ஞானத்தின் இவ்வெற்றியைச் சந்தை உடனே தொடர்ந்தது. ஒரு மருந்துக் கம்பனி இரண்டு கோடி டொலர் முற்பணம் கொடுத்து உரிமையைப் பெற்றது. உடற்பருமனை ஊசியால் ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவியது. ஆனால் 1996இல் வெளியான அளவீடுகள், பருத்த மனிதருட் பெரும்பாலோரின் குருதியில் லெப்ரின் குறைவாக அன்றி மிகுதியாகவே உள்ளது எனக் காட்டின. அவர்களின் உடல் அதற்குச் செவிசாய்க்கவில்லை. பிறவியிலேயே லெப்ரின் அற்ற மிகச் சிலருக்கும், கொழுப்பிழையம் குன்றிய அரிய நோயாளர் சிலருக்கும் அம்மருந்து வாழ்வளித்தது. எஞ்சிய கோடிக்கணக்கானோருக்கு எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

இதயத்தைப் பொறுத்தவரை நிலைமை மேலும் சிக்கலானது. 2003இல் போல்ற்றிமோர் நகர ஆய்வாளர், லெப்ரின் அற்ற சுண்டெலியின் இடது இதயவறைச் சுவர் தடித்துவிடுகிறது என்றும், லெப்ரின் கொடுத்தபோது அத்தடிப்புக் குறைந்தது என்றும் கண்டனர். உணவைக் குறைத்து அதேயளவு மெலியச் செய்தும் அப்பயன் கிட்டவில்லை. ஆனால் அதே ஆண்டிற் கனடாவில், எலிக்குஞ்சின் இதயத் தசைக் கலங்களை உடலுக்கு வெளியே வளர்த்து லெப்ரின் சேர்த்தபோது அக்கலங்கள் பெருத்தன. லெப்ரின் பரிவு நரம்புகளைத் தூண்டுவதும் முன்பே அறியப்பட்டிருந்தது. ஒரே பொருள் சூழலுக்கேற்ப எதிரெதிராக இயங்குகிறது எனலாம்.

அமெரிக்காவிலும் யப்பானிலும் நான்கு குழுக்கள் 1995, 1996ஆம் ஆண்டுகளில் தனித்தனியே கண்ட அடிப்போனெக்ரின் என்னும் மற்றோர் ஓமோனின் கதையும் இத்தகையதே. இது கொழுப்பிழையத்திலிருந்து பிறப்பதாயினும், கொழுப்பு மிகுந்தவரிடம் குறைந்து காணப்படுகிறது. 2004இல் பொஸ்ரனில், இஃது அற்ற சுண்டெலிகளின் பெருநாடியை ஒடுக்கியபோது அவற்றின் இதயத் தசை அளவுமீறித் தடித்தது. அடிப்போனெக்ரினைக் கொடுத்தபோது தடிப்புத் தணிந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்வோமோன் மிகுந்த ஆண்களுக்கு மாரடைப்பு அரிது எனக் காட்டியது. எனவே இதனை இதயத்தின் காவலன் எனக் கொள்ளலாமா? 2005இல் டென்மார்க் ஆய்வாளர் கண்டது வேறு: இதயம் ஏற்கனவே பலவீனமுற்றோரிடையே, அடிப்போனெக்ரின் மிகுந்தவர்களே கூடுதலாக இறந்தனர்.

இம் முரண்பாட்டின் ஒரு விடை எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1956இலேயே சோணையறைத் தசையில், சுரப்பிகளுக்கு உரிய நுண்மணிகள் இலத்திரன் நுணுக்குக்காட்டி வழியே காணப்பட்டிருந்தன. 1981இல் கனடாவின் கிங்ஸ்ரன் நகரில் அடொல்போ டி போல்ட், இதயமும் ஓர் ஓமோனைச் சுரக்கிறது என நிறுவினார். உப்பையும் நீரையும் வெளியேற்றி இதயத்தின் பாரத்தைக் குறைப்பது அதன் தொழில். அவ்வோமோன் மனிதக் கொழுப்புக் கலங்களிலுள்ள கொழுப்பையும் கரையச் செய்கிறது என 2000இல் பிரான்சின் துலூஸ் நகரத்தார் காட்டினர். அதன் வகையான ஓமோன்கள் கொழுப்புக் கலத்தை அடிப்போனெக்ரின் சுரக்கத் தூண்டுகின்றன என 2009இல் யப்பானியர் காட்டினர். நலிந்த இதயம் அபயக்குரல் எழுப்புகிறது. கொழுப்பிழையம் அதற்கு மறுமொழி கூறுகிறது. எனவே மிகுந்த அடிப்போனெக்ரின், அந்நோயாளியின் இதயம் எவ்வளவு இடருற்றுள்ளது என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். கொழுப்பும் இதயமும் ஆண்டானும் அடிமையும் அல்ல. ஒன்றையொன்று மாற்றியவாறு தாமும் மாறுபவை.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஓமோன் காரணமன்று என்பதல்ல; அது சங்கிலியின் நடுக்கண்ணி என்பதே. சங்கிலியின் முதற்கண்ணியை மல்யுத்த வீரனிடத்திற் காணலாம். யப்பானியச் சுமோ வீரர் பேரளவில் உண்டு பருத்தவர். ஆனால் ஒசாக்கா ஆய்வாளர் அவர்களைக் கணினிக் கதிர்ப்படங் கொண்டு நோக்கியபோது, பயிற்சியில் ஈடுபட்டிருந்தோரின் கொழுப்புப் பெரும்பாலும் தோலின் கீழேயே இருந்தது. தீங்கு கூடிய வயிற்றுட் கொழுப்புக் குறைவே. உடல் எவ்வாறு உழைக்கிறது என்பது கொழுப்பின் இருப்பிடத்தையும் தொடுகிறது. அமர்ந்தே கழியும் பன்னிரண்டு மணி நேர வேலை, உறக்கங்கெட்ட இரவு முறை, வேலைக்களைப்பிற் கிடைத்ததை வாங்கியுண்ணும் மலிவான மாவும் சீனியும் எண்ணெயும், விளையாடத் திடலற்ற நகர்ச்சேரி—இவை எவையும் தனிமனிதனின் ஒழுக்கக்கேடு அல்ல.

நடுக்கண்ணியைப் புட்டியில் அடைத்து விற்கலாம். முதற்கண்ணியை விற்க முடியாது, மாற்றத்தான் முடியும். மருந்தை நாம் வெறுக்கவில்லை. லெப்ரினால் உயிர்பெற்ற குழந்தைக்கு அது வேண்டும். அம்மருந்து எல்லாருக்கும் எட்டவும் வேண்டும். ஆனால் மாரடைப்பால் வீழ்ந்த சாரதியை நோக்கி, ‘வாயைக் கட்டியிருக்கலாமே’ என்று கூறுபவன் விஞ்ஞானத்தின் பெயராற் பேசுபவன் அல்லன். வகுப்பறையில் இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர், அதன் அருகே அந்த பஸ் சாரதியின் ஆசனத்தையும் வரைந்து காட்டுவாராயின், பாடம் முழுமை பெறும்.