வயலினும் மோவாயும்

மேனாட்டு வயலின் வித்துவான் ஒருவர் மேடையில் நின்று வாசிப்பதைக் காண்போர் அவருடைய வில்லை நோக்குவர். தந்திகளின்மீது ஓடும் விரல்களை நோக்குவர். வாத்தியத்தின் அடிப்புறத்திலே, தந்திகள் கட்டப்பட்ட வாற்பலகையின் அருகில், உள்ளங்கை போலக் குழிந்து கிடக்கும் சிறிய மரத்துண்டை நோக்குவோர் அரியர். வித்துவானுடைய மோவாய் அதன்மீது கிடப்பதால் அது கண்ணுக்குப் புலனாவதும் அரிது. ‘சின் ரெஸ்ட்’ என்று வாத்தியக்காரர் வழங்கும் இதனை மோவாய்த் தாங்கி எனத் தமிழிற் கூறலாம். வயலினுக்கு வயது நானூறு ஆண்டுகளுக்கு மேல். இத் தாங்கிக்கோ வயது இருநூறு ஆண்டளவே. கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்திராடிவாரி 1737இல் மறைந்தார். உலகம் போற்றும் அவருடைய வயலின்களுள் ஒன்றேனும் அவர் கையை விட்டுச் சென்றபோது இத் துண்டைத் தாங்கியதன்று.

அப்படியாயின் அக்காலத்தவர் வாத்தியத்தை எங்ஙனம் பிடித்தனர்? பழைய ஓவியங்களிலே வயலின் மார்பின்மீது சாய்ந்திருக்கும். சில ஓவியங்களில் அதனினும் கீழே இறங்கியிருக்கும். நடனத்துக்கும் பாட்டுக்கும் துணையாக வாசித்த அக்காலத்துப் பிடில்காரனுக்கு இடக்கை பெரும்பாலும் ஓரிடத்திலேயே நின்றது. கழுத்துப்பலகையின் நுனியருகே, முதலாம் ஸ்தானம் எனப்படும் இடத்தில், நான்கு விரல்களுக்கும் வேண்டிய சுரங்கள் கிடைத்தன. கை நகராதவிடத்து அக்கையே வாத்தியத்தைத் தாங்கிக்கொள்ளும். மோவாய்க்கு அங்கே வேலையில்லை.

கை நகரத் தொடங்கியபோதே தொல்லையுந் தொடங்கிற்று. உயர்ந்த சுரங்களை நாடி இடக்கை குதிரையை நோக்கி மேலேறும்போது வாத்தியத்தை வாசிப்பவனுடைய உடலை நோக்கியே தள்ளுகின்றது. அதனால் ஆபத்தொன்றும் இல்லை. மேலேறிய கை மீண்டும் கீழே இறங்கும்போதுதான் தன்னோடு வாத்தியத்தையும் இழுத்துச் செல்லப் பார்க்கின்றது. அவ்வேளையில் உடல் அதனைப் பற்றிக்கொள்ளாவிடின் வாத்தியம் நழுவும். நழுவாதிருக்கப் பெருவிரல் முன்னதாக ஊர்ந்து சென்று இடம்பிடித்தல் வேண்டும். அது கடினமான வித்தை. பழைய ஆசிரியர்கள் அதனைக் கற்பித்தனர். மாணாக்கர் பல்லாண்டு பயின்று கைவரப் பெற்றனர்.

கொரெல்லியின் மாணாக்கராகிய ஜெமினியானி 1751இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், வயலினைக் காறை எலும்புக்குச் சற்றே கீழே சார்த்துமாறு கூறினார். ஐந்தாண்டு கழித்து, 1756இல், லெயோபோல்ட் மொசாட் தம் வயலின் போதனை நூலை வெளியிட்டார். அவருடைய புகழ்பெற்ற மைந்தர் பிறந்த ஆண்டும் அதுவே. வாத்தியத்தைப் பிடிக்கும் முறை இரண்டு என்று அவர் வகுத்தார். மார்பளவிற் பிடிப்பது ஒன்று; அது காண்போர் கண்ணுக்கு அழகானது, வாசிப்போனுக்கோ இடர்ப்பாடானது என்றார். கழுத்தோடு சேர்த்துத் தோளின்மீது வைத்து மோவாயின்கீழ் அமைப்பது மற்றையது. கை எவ்வளவு விரைந்து ஏறி இறங்கினும் வாத்தியம் தன் இடம் பெயராதென்பது அதன் பயன். காட்சிக்கும் வசதிக்கும் இடையே நின்ற ஒரு தகப்பனார், வசதியின் பக்கஞ் சாய்ந்தமை அவருடைய நூலின் நேர்மைக்கு ஒரு சான்று.

இங்கே இன்றைய வாசகனை வியக்கவைக்கும் செய்தியொன்று உண்டு. லெயோபோல்ட் மொசாட் மோவாயை வைக்கச் சொன்னது வாற்பலகைக்கு வலப்பக்கம், அதாவது மிக உயர்ந்த தந்தி இருக்கும் பக்கம். இன்று எல்லோரும் வைப்பது இடப்பக்கம். பாரிசில் 1761இல் நூல் வெளியிட்ட லாபே என்னும் வித்துவான் மந்தரத் தந்தியின் பக்கம், அதாவது இடப்பக்கம், வைக்குமாறு கூறினார். ஐந்தே ஆண்டு இடைவெளியில் இரு நூல்கள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்கள்! பழைய இத்தாலிய வயலின்களை உற்று நோக்குவோர் வாற்பலகையின் இருமருங்கும் வார்னிஷ் தேய்ந்திருக்கக் காண்பர். வியர்வையும் மயிர்க்காலும் பட்டுப் பொன்னிறப் பூச்சு அழிந்து மரம் வெளுத்த அவ்விடங்கள், நூல்களைவிடத் தெளிவாக அந்த வரலாற்றைச் சொல்லுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வயலினே மாறியது. பெரிய மண்டபங்களுக்கேற்ற உரத்த நாதத்தை அவையோர் வேண்டினர். பழைய வயலின்களின் கழுத்துகளை எடுத்துவிட்டு, நீண்டனவும் பின்சாய்ந்தனவுமான புதிய கழுத்துகளை வினைஞர் பொருத்தினர். பிரான்சிலே தூர்த் என்பவர் வில்லுக்கு இன்றைய வடிவைத் தந்தார். 1782இல் வியோத்தி பாரிசுக்கு வந்து வாசித்த பின்னர், உயர்ந்த ஸ்தானங்களிற் பாடுவதுபோல வாசிப்பது நாகரிகமாயிற்று. இடக்கை ஓயாது ஏறி இறங்கவேண்டியதாயிற்று. மோவாயின் பிடி இன்றியமையாததாயிற்று. ஆயின், பிடியை இறுக்குவோர் வாத்தியத்தின் மேற்பலகையையும் வாற்பலகையையும் அமுக்கினர். மேற்பலகையோ மிக மெல்லிய ஊசியிலை மரம், நாதத்திற்கெல்லாம் பிறப்பிடம். அதனை அமுக்குவது மத்தளத்தின் தோலிற் கையை வைத்துக்கொண்டு அடிப்பது போன்றதே.

இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வு கண்டவர் ஜேர்மனியராகிய லூயி ஸ்போர். 1784இல் பிறந்து 1859இல் மறைந்த இவர், தம் காலத்தில் பெரும்புகழ் பெற்ற வயலின் வித்துவான், சாகித்தியகர்த்தா, காசெல் நகர அரசவையின் இசைத்தலைவர். 1820ஆம் ஆண்டையொட்டி இவர் சிறிய மரத்தாங்கியொன்றை அமைத்தார். 1832இல் வெளிவந்த தம் வயலின் நூலில் அதனைப் ‘பிடில் தாங்கி’ எனப் பொருள்படும் பெயரால் விளக்கி, தாமும் மாணாக்கரும் பத்தாண்டுக்கு மேலாகப் பயன்படுத்திப் பயன் கண்டதாகவும் எழுதினார். இக்காலத்து வாசிப்பிற் கை அடிக்கடி இடம்பெயர்வதால் மோவாய் வாத்தியத்தை உறுதியாகப் பிடித்தல் வேண்டும். தாங்கியின்றி அதனைச் செய்தால் மரத்தின் அதிர்வு கெடும். தாங்கி இருப்பின் பிடியும் உறுதியாகும், நாதமுங் குன்றாது என்பது அவர் வாதம். அவர் தாங்கியை வைத்த இடம் வலமுமன்று, இடமுமன்று. வாற்பலகைக்கு நேர்மேலே நடுவில். பிரான்சிலே பையோ என்னும் ஆசிரியர் 1834இல் வெளியிட்ட தம் பெருநூலில் மோவாயை இடப்பக்கத்தில் வைக்கச் சொன்னார். தோளுக்கும் வாத்தியத்துக்கும் இடைவெளி இருப்பின் தடித்த கைக்குட்டையையேனும் சிறு திண்டையேனும் வைக்கலாம் என்றார். தாங்கியின் இடம் இறுதியில் பெரும்பாலும் இடப்பக்கமே ஆயிற்று. நடுவில் அமைந்த வகைகளும் இன்றுவரை வழக்கில் உண்டு.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டனர் என எண்ணுதல் தவறு. ஸ்போருக்குச் சமகாலத்தவரான பகனீனி தாங்கியின்றியே ஐரோப்பா முழுவதையும் வென்றார். ‘பீரங்கி’ எனப் பெயர் பெற்ற அவருடைய 1743ஆம் ஆண்டு வயலின் இன்றும் ஜெனோவா நகரத்தாரின் உடைமையாகப் பேணப்படுகின்றது. நெடுங்காலம் பயின்ற கலைஞர்க்கு மரத்துண்டு ஒரு வேண்டாப் பொருளாகவே தோன்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அது பொதுவழக்காயிற்று. கருங்காலி, ஈட்டி முதலிய மரங்களிற் பல வடிவங்கள் தோன்றின. ஹங்கேரியில் பிறந்த ஆசிரியர் கார்ல் பிளெஷ் பெயரால் வழங்கும் வடிவமும், குவார்னேரி எனப் பெயரிட்ட வடிவமும் இன்றும் கடைகளிற் கிடைப்பன.

மோவாய்க்குத் தாங்கி வந்தபின் தோளுக்கும் ஒன்று வேண்டும் என்ற வழக்கு எழுந்தது. ஹைபெட்ஸ் முதலிய மாமேதைகளை உருவாக்கிய லெயோபோல்ட் ஆவர் 1921இல் எழுதிய நூலில் தோட்டிண்டுகளைக் கடிந்தார். அவை வாத்தியத்தின் அடிப்பலகையை மூடி நாதத்தைக் கவர்கின்றன என்பது அவர் கருத்து. நூறாண்டு கடந்தும் இவ்வழக்கு ஓயவில்லை. ஆவரின் கருத்திலே உண்மை உண்டு. ஆனால் அது எல்லாக் கழுத்தினர்க்கும் ஒருபடியாகப் பொருந்தாது என்பதையுஞ் சேர்த்துச் சொல்லுதல் முறை. நெடிய கழுத்துடைய ஒருவன் திண்டுமின்றி உயர்ந்த தாங்கியுமின்றி வாசிக்கப் புகுந்தால், தோளை உயர்த்தியும் தலையைக் கவிழ்த்தும் அவ்விடைவெளியை அடைக்கவேண்டியவனாவான். நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் அவ்வாறு நிற்பவன் கழுத்து என்னாகும்?

வாத்தியக்காரருடைய இடத் தாடையின்கீழ் ஒரு கருந்தழும்பு காணப்படுவதுண்டு. ‘பிடில்காரன் கழுத்து’ என்பது வைத்தியர்கள் அதற்கு இட்ட பெயர். அழுத்தம், உராய்வு, வியர்வை என்னும் மூன்றும் கூடி அதனை உண்டாக்குகின்றன. சிலர்க்குத் தாங்கியைப் பூட்டும் உலோகத் திருகில் உள்ள நிக்கலே தோலுக்கு ஒவ்வாது கொப்புளம் எழுப்பும். சிலர்க்கு ஈட்டிமரமே ஒவ்வாது. அதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத தீங்கு. வாத்தியம் விழுந்துவிடும் என்னும் அச்சத்தாற் பற்களை இறுகக் கடித்துத் தாடையால் நசுக்கும் பழக்கம், தாடை மூட்டிலும் கழுத்திலும் நோவை விளைக்கும். முதிர்ந்தவன் தலையின் நிறை ஏறக்குறைய ஐந்து கிலோகிராம். வயலினின் நிறை அரைக் கிலோகிராமளவே. தலை தன் இயல்பான நிறையோடு சாய்ந்து கிடந்தாலே போதும், நசுக்க வேண்டியதில்லை.

வியோலா வாசிப்பவர் பாடு இன்னும் கடினம். வயலினின் உடல் ஏறக்குறைய 14 அங்குலம் என நிலைபெற்றுவிட்டது. வியோலாவோ 15½ அங்குலம் முதல் 17 அங்குலம் வரை பலவாறாக அமையும், நிறையும் மிகுதி, பக்கப்பலகையும் உயரம். ஆதலின் வயலினுக்குப் பொருந்திய அதே உயரத்துத் தாங்கி வியோலாவிற் பொருந்தாது. பக்கப்பலகை உயர்ந்த அளவுக்குத் தாங்கி தாழ்தல் வேண்டும். வாத்தியத்தை மாற்றும்போது தாங்கியையும் மாற்றாதவர் நோவோடு மீளுதல் வியப்பன்று.

இக்காரணங்களாலே அண்மைக் காலத்தில் உயரமும் சாய்வும் மாற்றத்தக்க தாங்கிகள் வந்துள்ளன. அவற்றைப் பூட்டுவதில் இரண்டு பேரின் நலன் அடங்கும்: வாசிப்பவன் ஒருவன், வாத்தியம் மற்றொன்று. முதலில் நேராக நின்று, தோளை உயர்த்தாது, முன்னே பார்த்தவண்ணம் தலையைச் சிறிதே இடப்பக்கந் திருப்பி, வாத்தியத்தைத் தோளில் வைக்கவேண்டும். அந்நிலையில் மோவாய்க்கும் தாங்கிக்கும் இடையே விரல் நுழையும் சிறு வெளி இருப்பின் உயரம் ஏறக்குறையப் பொருத்தம். தலையை அண்ணாந்து வைக்க நேரின் தாங்கி மிகையாக உயர்ந்தது. தோள் எழ நேரின் தாழ்ந்தது. சாய்வும் அவ்வாறே: தாடை எலும்பின் விளிம்பைத் தாங்கியின் விளிம்பு வெட்டலாகாது. மாற்றமொன்றைச் செய்தபின் அன்றைக்கே மற்றொன்றைச் செய்யாது, சில நாள் வாசித்துப் பார்த்துப் பின் திருத்துவது நலம். உடல் உடனே விடை சொல்வதில்லை.

வாத்தியத்தின் பக்கம் நோக்குங்கால், தாங்கியின் கால்கள் மரத்தைத் தொடும் இடங்களிலெல்லாம் கார்க் அல்லது தோல் இருத்தல் வேண்டும். திருகுகளை இறுக்கும் சிறு கம்பி துளையை ஊடுருவிப் பக்கப்பலகையைக் கீறுவது மிக எளிதில் நிகழும் விபத்து. கம்பிக்கும் மரத்துக்கும் இடையே அட்டைத் துண்டொன்றைச் செருகிக்கொண்டால் அது நேராது. மிகை இறுக்கம் மெல்லிய மரத்தைப் பிளக்கும். தளர்ந்த திருகோ வாசிக்கும்போது வண்டுபோல இரையும். நாதத்தில் இரைச்சல் கேட்டவுடன் வயலின் பழுதாயிற்றென அஞ்சிக் கடைக்கு ஓடுபவர் உளர். குற்றம் பெரும்பாலும் இத் திருகினுடையதாக இருக்கும். சாய்வு மாற்றும் வகைகளில் மூட்டு மிகுதியாதலால், வாரத்துக்கொருமுறை அவற்றைத் தொட்டுப் பார்த்தல் தகும். வாசித்தபின் வியர்வையைத் துடைப்பதும், தோல் எளிதிற் சிவப்பவர் மெல்லிய பருத்தித் துணியை இட்டுக்கொள்வதும், நிக்கல் ஒவ்வாதவர் டைட்டேனியத் திருகு கொள்வதும் வழக்கில் உள்ளன. தழும்பு புண்ணாயின் வைத்தியரைக் காண்பதே முறை.

ஸ்போர் தம் தாங்கியை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வயலினைத் தமிழ்நாட்டார் முற்றிலும் வேறொரு வழியில் தமதாக்கிக்கொண்டிருந்தனர். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் 1786இல் பிறந்தவர். ஸ்போருக்கு இரண்டே ஆண்டு இளையவர். சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தவர் இவர். தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். பையோவின் நூல் பாரிசில் வெளிவந்த ஆண்டும் அதுவே.

இந்நாட்டு முறையில் வித்துவான் நிற்பதில்லை, சப்பணமிட்டு அமர்கின்றார். வாத்தியத்தின் சுருள்தலை வலக்காலின் பாதத்தருகே ஊன்றி நிற்க, மறுமுனை மார்போடும் இடத்தோளோடும் சேர்ந்து நிற்கின்றது. இரு முனைகளும் ஊன்றியமையால் இடக்கைக்குத் தாங்கும் கடமையே இல்லை. கமகத்தின்பொருட்டு ஒரே தந்தியில் மேலுங் கீழும் வழுக்கிச் செல்ல அக்கைக்குத் தடையொன்றும் இல்லை. லெயோபோல்ட் மொசாட் கவலைப்பட்ட அந்த இறங்குகை இங்கே கவலைக்குரியதே அன்று. மோவாயும் விடுதலை பெற்றதால், ஆசிரியர் வாசித்தபடியே பாடிக் காட்டி மாணாக்கனுக்குப் பாடஞ் சொல்ல முடிகின்றது. மேனாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் வயலின்களில் மோவாய்த் தாங்கி பூட்டியே வருகின்றது. நம் வித்துவான்களிற் சிலர் அதனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர், சிலர் இருந்தபடியே விட்டுவிடுகின்றனர்.