ஆயர்கள் சுமந்து சென்ற சமாதானம்

கி.பி. 410-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று கோத்தியர் படை உரோமை நகருக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில், அந்தப் படையின் தலைவர் அலாரிக் ஆயர்களையே தூது அனுப்பிச் சமாதானம் கேட்டார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அந்தத் தூது பலித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

376-இல் ஹூணர்களுக்கு அஞ்சி தன்யூப் ஆற்றங்கரையில் வந்து நின்று அடைக்கலம் கேட்டவர்கள் கோத்தியர். உரோமை அவர்களை உள்ளே விட்டது. ஆனால் அதிகாரிகள் அவர்களுடைய பசியை வியாபாரமாக்கினார்கள். நாய் இறைச்சிக்காகத் தங்கள் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதி வைத்திருக்கிறார். இரண்டே ஆண்டில், அதிரியானோப்பிள் போர்க்களத்தில் பேரரசர் வாலென்ஸ் மாண்டார். பிறகு ஒப்பந்தம், மறுபடி கலகம். அலாரிக்கோடு பேசக்கூடியவராக இருந்த தளபதி ஸ்திலிக்கோ 408-இல் கொல்லப்பட்டார். உரோமைக்காகப் போர் செய்த அந்நிய வீரர்களின் மனைவி மக்களையும் இத்தாலிய நகரங்களில் வெட்டிப் போட்டார்கள். அந்த வீரர்கள் வேறு யாரிடம் போவார்கள்? அலாரிக்கிடம்தான் போனார்கள்.

அப்படியிருந்தும் 409-இல் அவர் கேட்டது கொஞ்சமே. பொன் வேண்டாம், பதவி வேண்டாம். இன்றைய ஆஸ்திரியா பக்கம், தன்யூப் எல்லையிலுள்ள நோரிக்கும் பகுதியில் குடியிருக்க இடமும், பேரரசர் பார்த்துக் கொடுக்கும் தானியமும் போதும். உரோமையின் பகைவர் எவராயினும் உடன் நின்று போரிடுவோம் என்றார். ஆயர்கள் இதை இரவேன்னா அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். திருத்தந்தை முதலாம் இன்னசென்ட்டும் சமாதானத்துக்காக அங்கே போனவர்தான். உரோமை வீழ்ந்த நாளில் அவர் இரவேன்னாவில் இருந்தார்.

பேரரசர் ஒனோரியுசின் அவையினர் மறுத்துவிட்டார்கள். அலாரிக்கோடு ஒருபோதும் சமாதானம் செய்வதில்லை என்று பேரரசரின் தலையைத் தொட்டு ஆணையிட்டிருந்தார்களாம். கடவுள்மேல் இட்ட ஆணையென்றால் அவர் இரக்கத்தால் மன்னித்துவிடுவார், பேரரசரின் தலைமேல் இட்டதை மீற முடியாது என்றார்களாம்! ஒரு நகரத்தின் உயிர் இந்த வாதத்தில் போயிற்று.

அன்று சரியென்று சொல்லியிருந்தால்? வயது முதிர்ந்த புனித மார்செல்லா, இல்லாத பொன்னைக் கேட்ட வீரர்களிடம் அடிபட்டுச் சில நாள்களில் இறந்திருக்க மாட்டார். புனித அகுஸ்தீனுக்குக் ‘கடவுளின் நகர்’ நூலை எழுத அந்தக் காரணமும் இருந்திருக்காது. பேரரசு என்றென்றும் நிலைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. 406 இறுதியிலேயே வாண்டல்களும் ஆலன்களும் ரைன் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். ஒனோரியுசும் வாக்கைக் காப்பாற்றுகிறவர் அல்லர்.

ஆனாலும் அந்தக் கூட்டணி வெறும் கனவல்ல. 418-இல், அதாவது உரோமை சூறையாடப்பட்டு எட்டு ஆண்டு கழித்து, ஏறக்குறைய இதே ஏற்பாட்டின்படி கோத்தியருக்குத் தென்மேற்குக் கால்லியாவில் நிலம் கொடுத்தார்கள். 451-இல் ஹூணர் தலைவன் அத்திலா கால்லியாவுக்குள் படையெடுத்து வந்தபோது, தளபதி ஏசியுசின் அணியில் கோத்திய மன்னர் தெயோதோரிக் நின்றார். கத்தலோனியச் சமவெளியில் அத்திலாவின் முன்னேற்றம் தடைபட்டது. தெயோதோரிக் அந்தக் களத்திலேயே, உரோமையின் பக்கம் நின்று, உயிர்விட்டார்.