உயர் எண்ட்ரோபி உலோகக்கலவை: தூள்வழித் தயாரிப்பும் சோதனையும்

1. வரையறை

எஃகில் இரும்பு தலைமை, வெண்கலத்தில் செம்பு. தலைமையே இல்லாமல் ஐந்தாறு உலோகங்களை ஏறக்குறையச் சம அணுவிகிதத்தில் கலக்கும் ஆய்வை 2004இல் தைவானின் யேயும் பிரிட்டனின் கேன்டரும் தனித்தனியே வெளியிட்டனர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் எஸ். ரங்கநாதன் 2003இலேயே ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் இத்தகைய கலவைகளைப் பற்றி எழுதியிருந்தார். ஐந்து தனிமங்கள் சமமாகச் சேர்ந்தால் கலப்பு எண்ட்ரோபி 1.61 R (R என்பது வாயு மாறிலி). 1.5 R-ஐத் தாண்டினால் ‘உயர்’ என்பது வழக்கம்.

2. தூள் எதற்கு?

அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆறையும் ஒரே மூசையில் உருக்க முயன்றால் துத்தநாகம் தங்காது. டைட்டானியம் உருக 1,668 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னை ஐஐடியின் வரலட்சுமி, காமராஜ், பி. எஸ். மூர்த்தி மூவரும் இந்த ஆறையும் உருக்காமல், அரைத்தே கலவையாக்கி 2008இல் வெளியிட்டனர்.

பந்து ஆலையில் குண்டுகள் மோத மோத, தூள் தட்டையாகி, ஒட்டி, உடைந்து, மறுபடி ஒட்டுகிறது. மணிக்கணக்கில் அரைபட, அடுக்குகள் மெலிந்து அணுக்கள் கலக்கின்றன. மென்மையான உலோகம் சுவரில் அப்பாதிருக்க டொலுயீன் ஊற்றுவதுண்டு. பிறகு அச்சில் அழுத்திச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவார்கள். தீப்பொறி பிளாஸ்மா முறையில் இதற்குச் சில நிமிடங்களே போதும்.

3. சோதனை

 காஞ்சிப் பட்டின் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதை எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி காட்டிவிடும். நம் கலவைக்கு அது போதாது. ஆறு உலோகங்களும் இருக்கின்றன என்பது வேறு. ஒரே படிகத்தில் கரைந்திருக்கின்றன என்பது வேறு. பின்னதைச் சொல்ல எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வேண்டும்.

அதிலும் ஏமாற இடமுண்டு. அரைபட்ட தூளின் படிகம் நானோமீட்டர் அளவுக்குச் சிறுக்க, திரிபும் சேர, வரைபடத்தின் முகடுகள் அகன்று தாழ்கின்றன. கொஞ்சமாக உள்ள இன்னொரு கட்டம் (phase) அந்த அகலத்துக்குள் மறைந்துவிடும். தூளின் வரைபடத்தை மட்டும் காட்டி ‘ஒற்றைக் கட்டம்’ என்று முடிக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. கெட்டிப்படுத்தும் சூட்டில் கட்டங்கள் பிரியலாம்; டொலுயீனின் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடாகலாம். அது கடினத்தன்மையைக் கூட்டும். பெருமை கலவையின் கணக்கில் எழுதப்படும். ஆகவே கெட்டிப்பட்ட வில்லையையே மறுபடி விளிம்பு விளைவுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் உட்படுத்தி, ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி கண்டு, அதன் பின்னரே விக்கர்ஸ் கடினத்தன்மை எண்ணைப் பேச வேண்டும்.

எஃகுக் குண்டுகளால் அரைத்தால் இரும்புத் தேய்மானம் கலவையில் இறங்கும். கலவையிலேயே இரும்பு இருப்பதால் அது அயல் பொருளாகத் தனித்துத் தெரியாது. அரைப்பதற்கு முன்னும் பின்னும் குண்டுகளை எடைபோட்டு, தூளின் வேதி விகிதத்தோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.