முள்ளிக்குளத்துக் காற்றும் மொறிஸ் மைனரும்

போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த 2003ஆம் ஆண்டில், செய்தி சேகரிப்பதற்காக மன்னாரிலிருந்து தெற்கே முசலிப் பகுதிக்கு ஒரு வாடகைக் காரில் சென்றிருந்தேன். வண்டி மொறிஸ் மைனர். சிலாவத்துறையைக் கடந்து முள்ளிக்குளத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிரவு தேவாலயத்துக்கு அண்மையில் ஒரு வீட்டில் தங்கினோம். விடியற்காலையில் எழுந்து பார்த்தால், சாரதி ஒரு வாளி நல்ல தண்ணீருடன் நிலத்தில் படுத்து, வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மேற்பாகமெல்லாம் தூசி படிந்தபடியே கிடந்தது.

"மேல இருக்கிற தூசி ஒண்டும் செய்யாது ஐயா. கீழ இருக்கிற சேறும் உப்பும்தான் காரைத் தின்னும்" என்றார்.

தமிழ்நாட்டவர் துரு என்பதை ஈழத்தவர் கறள் என்போம். அந்தச் சாரதியின் வண்டி ஏறத்தாழ என் வயதுடையது. என்னைவிட நல்ல நிலையில் இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கடலுப்பு காற்றோடு வந்து படியும் கரையில், ஒரு இரும்புத் தகட்டு வண்டி எவ்வாறு ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது என்ற கேள்வி அன்று தொடங்கி என்னை விட்டு அகலவில்லை.

சேற்றைப் பற்றி அவர் சொன்னதற்குப் பின்னால் அறிவியல் உண்டு. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர், 1920களில் இரும்புத் தகட்டின் மீது ஒரு துளி உப்புநீரை விட்டுக் கவனித்தார். காற்று எளிதில் புகும் துளியின் ஓரம் பாதுகாப்பாக இருந்தது. காற்றுக் குறைந்த நடுப்பகுதியில்தான் இரும்பு கரைந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வளையத்தில் கறள் படிந்தது. ஆக, ஒரே துளிக்குள் ஒரு சிறு மின்கலம் இயங்குகிறது. உப்பு அதில் மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடுகிறது. மட்காட்டின் உட்புறத்தில் அப்பிய ஈரச் சேறு அந்த நீர்த்துளி செய்வதையே செய்கிறது. அதன் அடியில் காற்றுப் புகாத இடமே முதலில் ஓட்டையாகும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே மழை பெய்யாத மாதங்களிலும் கரையோரத்து வண்டி முற்றாக உலர்வதில்லை.

மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்த வண்டி, பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார். அதற்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. தகட்டு உடலே சட்டகமாகவும் பாரம் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும், பின் வில்லுத்தகடுகளைத் தாங்கும் இடங்களும் உக்கினால் வண்டியின் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியே மடிந்துவிடும். நமது ஊர்களில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றுக்குத் தனிச் சட்டகம் இருந்தது. உடல் உக்கிய பின்பும் சில ஆண்டுகள் இழுத்துக்கொண்டு ஓடும்.

இவ்வண்டிகளை நம்மவர்கள் பேணியது பழமையின் மீதுள்ள காதலால் என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1977இல் ஆட்சி மாறிய பின்னரே அந்தக் கதவு திறந்தது. திறந்த கதவு வடக்குக்கு நீண்டகாலம் பயன்படவில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது எரிபொருள், மின்கலம், உதிரிப்பாகம் முதலியவை புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை பலரும் அறிந்தது. தகட்டைக் காத்த கதையைத்தான் எவரும் எழுதவில்லை.

பழைய எஞ்சின் ஒயிலை வீணாக்காமல் வண்டியின் அடியில் தூரிகையால் பூசினார்கள். பெட்டிப் பகுதிகளின் நீர்வடி துளைகள் அடைபடாமல் கம்பியால் குத்திவிட்டார்கள். உவர்க் கிணற்று நீரால் வண்டி கழுவுவதைத் தவிர்த்தார்கள். கறள் கண்ட இடத்தைச் சுரண்டி, வெண்ணிற உலோகம் தெரியும்வரை தேய்த்து, அன்றைய பொழுதுக்குள்ளேயே பூச்சிட்டார்கள். தேய்க்கும் தாளைத் தமிழ்நாட்டில் உப்புத்தாள் என்கிறார்கள். உப்பால் வந்த நோய்க்கு உப்புத்தாள்! ஆழக் குழிகளில் தங்கும் எச்சத்துக்குப் பொசுபோரிக்கமிலம் உண்டு. அது கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றும். கடுக்காயிலும் தேயிலையிலும் உள்ள தனின் அதனைக் கறுத்த சேர்மமாக்கும். கடுக்காய்ச் சாற்றுடன் இரும்பு சேர்த்துக் கறுப்பு மையும் சாயமும் செய்த நம் முன்னோருக்கு இந்த வேதியியல் புதிதன்று.

பூச்சுகளில் முதலாவது, செங்கல் நிறமுடைய றெட் ஒக்சைட். அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்பு ஒக்சைட்டேதான். அதாவது கறளின் நெருங்கிய உறவினர். முள்ளிக்குளத்துக்குத் தெற்கே குதிரைமலையின் செம்மண்ணுக்கும் நிறம் தருவது அதுவே. மண்ணைத் தொட்டதால் விசயனின் தோழர்களது கைகள் செம்பு நிறமாயின என்று மகாவம்சம் கூறும் இடம் குதிரைமலைதான் என்போர் உளர். கறளோ பொருமி, பொருக்காகி, உதிர்ந்து அடுத்த படைக்கு வழிவிடும். எண்ணெயுடன் பிணைந்து பூச்சானால் அதே பொருள் காவல் நிற்கும்.

முள்ளிக்குளத்து மீனவர் ஒருவர் தம் படகு இயந்திரத்தில் பொருத்தியிருந்த நாகக் கட்டியை எனக்குக் காட்டி, "இது கரையும், இயந்திரம் தப்பும்" என்றார். அதைக் காரில் பூட்டினால் என்ன என்று கேட்டேன். பயனில்லை, கடல்நீர்போல் இரண்டையும் தொடர்ந்து இணைக்கும் நீர் காரைச் சுற்றி இல்லை. தகடு முழுவதும் நாக முலாம் பூசினால்தான் அந்தத் தற்காப்பு கிடைக்கும். 1970களின் நடுப்பகுதியில் போர்ஷேயும், 1985இல் அவுடி 100 காரும் அதனைச் செய்தன. நமது வண்டிகள் அதற்கு ஒரு தலைமுறை முந்தியவை.

போர்க்காலத்தின் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களின் தொடக்கத்தில் இந்த வண்டிக்குரிய பாகங்களை இலங்கையில் செய்விக்க ஏற்பாடு செய்தார். தெற்கில் உருவான பாகங்கள் இங்கிலாந்துக்குப் போயின. வன்னியில் ஒரு மட்காட் உக்கினால், அதை எண்ணெய்ப் பீப்பாயின் தகட்டில்தான் வெட்ட வேண்டியிருந்தது.

இந்த வேலைகள் அனைத்துக்கும் ஆள் அருகில் இருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். மன்னாரையும் முசலியையும் சேர்ந்தவர்களும் அதில் அடங்குவர். 2007 செப்டெம்பர் 8ஆம் நாள் முள்ளிக்குளம் மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர். ஊரில் கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2017இல் மக்கள் தொடர்ந்து போராடிய பின்னரே, ஏப்ரல் இறுதியில், காணியின் ஒரு பகுதி விடுவிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இடைப்பட்டது ஒன்பதரை ஆண்டுகள். கழுவாமல், எண்ணெய் பூசாமல், வடி துளைகளில் இலைச் சருகு அடைபட்டு நிற்கும் ஒரு மொறிஸ் மைனருக்கு இந்தக் கரையில் அவ்வளவு காலம் தேவைப்படாது.

2009இல் போர் முடிந்த பின்னர் முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்த வண்டிகளையும் நான் பார்த்தேன். எரிந்த தகட்டில் பூச்சு எதுவும் எஞ்சாது. ஒரு மழையிலேயே செந்நிறமாகும். பதிவுப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் பொதிந்து வைத்துக்கொண்டு ஒருவர் அங்கே தேடிக்கொண்டிருந்தார். வண்டி தமது என்பதைக் காட்ட அவருக்கு வேண்டியிருந்தது தகட்டில் பொறித்த சட்டக இலக்கம். கறள் முதலில் தின்பது அத்தகைய ஆழமற்ற பொறிப்புகளைத்தான். பழைய இரும்பு வியாபாரிக்கு இலக்கம் தேவையில்லை; நிறுவை போதும்.

இதே மன்னார்க் குடாவின் மறுகரையில், கறளைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்து, உலோகங்களைக் கடற்காற்றில் காயவிட்டு ஆராய்ந்து வந்திருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கியது ஓயாத சுரண்டலும் பூச்சும்தான். 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் சிறப்புப் பூச்சும் இடப்பட்டுள்ளன.

நானும் ஒரு மொறிஸ் மைனர் வாங்கினேன். பளபளப்பைப் பார்த்து மயங்கியதுதான் மிச்சம். கதவின் கீழே அரை அங்குலத் தடிப்பில் பட்டி அப்பி, மேலே வண்ணம் அடித்திருந்தார்கள். முள்ளிக்குளத்துக்கு என்னை அழைத்துச் சென்ற சாரதியிடம் அதைக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. "வாங்க முதல் என்னட்டைக் கேட்டிருக்கலாமே ஐயா" என்று சொல்லிவிட்டு, கம்பித் தூரிகையைத் தேடப் போனார்.