மக்ரோவிலிருந்து இணையப்பக்கத்துக்கு: தீவக ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கணக்குத்தாளொன்றில் இயங்கும் மக்ரோ, தன் வசமுள்ள மாறியொன்றின் பெறுமதியை இணையப்பக்கத்திடம் ஒப்படைப்பதென்பது நிரலாளரின் பார்வையில் மிகச் சாமானியமான காரியம்: பக்கத்தின் முகவரியை எழுதி, அதன் பின் வினாக்குறியொன்றை இட்டு, மாறியின் பெயர், சமக்குறி, பெறுமதி என்னும் கிரமத்தில் கோத்து உலாவியிடம் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பதே அவர் கொள்கை. ஆங்கிலப் பெயர்களைப் பொறுத்தவரை அக்கொள்கை பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் வேலணையிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் பற்றிய நூல்களின் பட்டியலை எக்செலில் தொகுத்து, அதன் ஒவ்வொரு வரியையும் 2005இல் தோன்றி மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் ஈழத்து எண்ணிம நூலகத்தின் தேடற்பக்கத்துக்கு மக்ரோ வழியாக அனுப்பிப் பார்ப்பாராயின், அச்சாமானியக் காரியத்துக்குள் எத்தனை சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன என்பது புலப்படும். மாறியை அனுப்புகிறவரே அதன் உருவத்துக்கும் பொறுப்பாளி என்பதும், பெறுகின்ற பக்கத்தின் தயவை நம்பி அனுப்பும் முறை தமிழுக்கு ஒவ்வாதது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலாவதாக, பெறுமதி எந்த வடிவில் கிடக்கிறது என்பதைக் காண்போம். இலங்கையில் நெடுங்காலமாகச் சேர்ந்த தட்டச்சுப் பிரதிகளிற் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் ஆனவை. பாமினியில் ‘வேலணை’ என்பது உண்மையில் என், டி, வை, ஐ, இஸட் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளே. தமிழ் அங்கே திரையின் தோற்றம் மாத்திரம். யுனிகோட்டிலும் அதே ஊருக்கு ஐந்து குறிகள்தாம், எனினும் வரிசை வேறு: பாமினி கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் ஏகாரக் கொம்பை வகரத்துக்கு முன்னும் ஐகாரக் குறியை ணகரத்துக்கு முன்னும் வைக்க, யுனிகோட்டோ உச்சரிப்பின் ஒழுங்கில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றிவிடும் மேலோட்டமான மாற்றி இங்கே பயன்படாது.

பாமினி வடிவிலேயே அனுப்பினால் என்ன நேரும்? விசித்திரமான ஒரு பேதம் நேரும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கிலத்தின் அரைப்புள்ளிக் குறியால் அமைவது. 1999இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4.01 நியமமோ, முகவரியில் மாறிகளைப் பிரிக்கும் உம்மைக்குறிக்குப் பதிலாக அரைப்புள்ளியையும் ஏற்குமாறு சேவையகங்களை இயற்றுவோருக்குச் சிபாரிசு செய்தது. பைதன் மொழியின் நிரல்நூலகம் 2021 வரையில் அவ்வாறே நடந்தும் வந்தது. அத்தகைய சேவையகத்துக்கு நெடுந்தீவு ‘நெடுந’ என்றும், புங்குடுதீவு ‘புங’ என்றும், ஊர்காவற்றுறை ‘ஊர’ என்றும் அறுபட்டுச் சேரும். எஞ்சிய பாகம் பெறுமதியற்ற வேறொரு மாறியாகக் கருதப்பட்டு மறையும். புள்ளியில்லாத வேலணையும் நயினாதீவும் அனலைதீவும் பழுதின்றிக் கரைசேரும். இவ்வாறு சில ஊர்கள் மாத்திரம் தவறுவதைக் காண்கிறவர் பட்டியலைச் சந்தேகிப்பாரேயன்றி, புள்ளியைச் சந்தேகிக்கமாட்டார். பி.எச்.பி. மொழியில் இயல்பான அமைப்பு உம்மைக்குறியை மட்டுமே ஏற்பதால், மீடியாவிக்கித் தளங்களில் இவ்விபத்து நிகழாது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். அங்கே தேடல் வெறுங்கையோடு திரும்பும், அவ்வளவே.

யுனிகோட்டுக்கு மாறியபின்னும் தடை தீர்வதில்லை. எக்செலின் மாறிகள் உள்ளே யுனிகோட்டைத் தாங்க வல்லவை. ஆனால் மக்ரோ எழுதும் பதிப்பி, கணினியின் பழைய எண்பிட்டுக் குறித்தொகுதியிலேயே நிரலைச் சேமிக்கிறது. தமிழுக்கென விண்டோஸ் அத்தகைய தொகுதி எதையும் ஒதுக்கியதில்லை. ஆதலால் நிரலினுள் நேராக ‘வேலணை’ என்று எழுதினால் ஐந்து வினாக்குறிகளே மிஞ்சும். பெயர்கள் நிரலில் அல்ல, கணக்குத்தாளின் கலங்களில் இருக்கவேண்டும். மக்ரோ அவற்றைக் கலத்திலிருந்து வாசித்து மாறியில் ஏற்கவேண்டும். இதனைத் தெரிந்தும், நிரலிலேயே எழுதிவிட்டு ‘கணினிக்குத் தமிழ் தெரியாது’ என்று முறையிடுவோர் உளர். அவர்பால் எனக்கு அனுதாபமில்லை.

இனி முகவரியின் இலக்கணம். 2005 ஜனவரியில் பேர்னேர்ஸ்-லீ, பீல்டிங், மசின்டர் ஆகிய மூவரும் வகுத்த ஆர்.எப்.சி. 3986இன்படி, முகவரியில் இடம்பெறத்தகாத ஒவ்வொரு பைட்டும் வீதக்குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுதப்படும். யு.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். எனவே வேலணைக்கு 15 பைட்டுகள், முகவரியில் 45 எழுத்துகள். இவ்வுருமாற்றத்தைச் செய்யும் சார்பு எக்செல் 2013 முதல் உண்டு. ஆனால் அதனை எங்கே பிரயோகிப்பது என்பதே சாரமான கேள்வி. முகவரி முழுவதையும் கோத்தபின் ஒருங்கே உருமாற்றினால், மாறிகளைப் பிரிக்கும் குறிகளும் சிதையும். அவற்றைக் காக்கும் தளர்ந்த முறையைக் கையாண்டாலோ, பெறுமதியினுள் தற்செயலாக உள்ள உம்மைக்குறியும் தப்பிப் பிரிவினை செய்யும். குறிகட்டுவான் துறையில் படகேறும் சரக்குகளைத் தனித்தனியே பொதிந்தபின் ஒன்றாய்க் கட்டுவதுபோல, பெறுமதி ஒவ்வொன்றையும் தனியே உருமாற்றிய பின்னரே கோப்பது முறை.

தமிழ்ப் பெயர் உருமாறி மிக நீளுகிறது, அதனை விடுத்து ஊரின் இலக்கத்தை அனுப்பினால் இத்தொல்லை ஏன் என்பர் சிலர். நீளத்தைப் பற்றிய அவர்கள் முறைப்பாடு வெறும் கற்பனையன்று: ‘தீவகம் தெற்கு வேலணை பிரதேச செயலகம்’ என்னும் பெயர் உருமாறும்போது 282 எழுத்துகளாகிறது, எக்செல் சூத்திரத்தினுள் எழுதும் சரத்துக்கு எல்லையோ 255. ஆயினும் அவ்வெல்லை சூத்திரத்துக்கே உரியது, மக்ரோவின் மாறியைக் கட்டாது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்கூட 2083 எழுத்துகள் வரை முகவரியை அனுமதித்தது. அதற்கும் மேற்பட்டவற்றைப் படிவத்தின் உடலில் வைத்து அனுப்பலாம். இலக்கமும் களங்கமற்றதன்று. யாழ்ப்பாண மாவட்டத்துக் கிராம அலுவலர் பிரிவுகளின் இலக்கம் ‘ஜே’ என்னும் எழுத்தை அடுத்துச் சாய்கோடு ஒன்றைக் கொண்டது. முகவரியின் பாதைப் பகுதியில் அதனை வைத்தால் அச்சாய்கோடே புதியதொரு படியாக விளங்கிக்கொள்ளப்படும். ஆக, இலக்கத்தைத் தேர்ந்தவருக்கும் உருமாற்றம் தவிர்க்கவியலாதது.

கடைசியாக ஒரு நுட்பம் எஞ்சுகிறது. பாமினியிலிருந்து மாற்றப்பட்ட பிரதிகளில் ‘கோவளம்’ என்னும் ஊர்ப்பெயரின் ஓகாரம் சிலவேளை ஏகாரக் கொம்பும் கால் குறியுமாக இரண்டு குறிகளாய்ப் பிரிந்து நிற்கும். நேரே தட்டச்சிட்டால் அது ஒரே குறி. வாசகன் கண்ணுக்குப் பேதமில்லை. முகவரியிலோ முதலெழுத்து ஓரிடத்தில் 27 எழுத்துகளாகவும் மற்றோரிடத்தில் 18 எழுத்துகளாகவும் செல்லும். மீடியாவிக்கி தனக்கு வந்ததை யுனிகோட்டின் ஒருமித்த வடிவுக்குத் தானே திருத்திக்கொள்கிறது. அவ்வாறு திருத்தாத தளங்களில் ஒரே ஊர் இரண்டு ஊர்களாகப் பதிவாகும். ஆதலால் இணைத்தற்பணியையும் மக்ரோவே, உருமாற்றத்துக்கு முந்திய படியில், கலத்திலிருந்து பெயரை வாசித்த கையோடு செய்துவிடவேண்டும்.