அணை என்ற ஒரு சொல்

அலங்காநல்லூர் என்றதும் நம் மனம் வாடிவாசலுக்கு ஓடிவிடுகிறது. ஓடட்டும், காளைகளின் பெருமையைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்த ஊர் வயல்களில் பாயும் தண்ணீரைப் பற்றி. மேற்கு மலைக்கு அப்பால் ஓடி, அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீர் அது. அதை இந்தப் பக்கம் திருப்பிய கதையில், ஒரு பெரிய காரியத்தைச் சிறு காரியங்களாகப் பகுக்கும் வித்தை அடங்கியிருக்கிறது.

இந்த நாளில் அந்த வித்தைக்கென்றே கம்ப்யூட்டரில் மென்பொருள்கள் வந்துவிட்டன. மேலே ஒரு தலைப்பு வேலை. அதன் கீழே, சற்று உள்ளே தள்ளி, உபவேலைகள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தலைப்புக்கென்று தனியாக நாள் கணக்கு கிடையாது. உபவேலைகளில் முதலாவது தொடங்கும் நாளே அதன் தொடக்கம். கடைசியாவது முடியும் நாளே அதன் முடிவு. தலைப்பு துரும்பையும் அசைப்பதில்லை. பெயர் மட்டும் அதற்கு!

பெரியாற்றில் 'அணை' என்பது அப்படி ஒரு தலைப்பு.

1808-இல் இந்த யோசனையைப் பரிசீலித்த கேப்டன் கால்ட்வெல், இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சர்க்காரை மறுபடி யோசிக்க வைத்தது. 1882-இல் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு மேஜர் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம்; 1887-இல் வேலை தொடக்கம்.

எதை முதலில் செய்வது? அணை கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்போ சமவெளியில், அணைக்கு இடமோ காட்டுக்குள். ஆகவே சாமான்களை மலைமேல் ஏற்றக் கம்பிவடப் பாதை; தேக்கடியிலிருந்து அணைக்குக் கொண்டுபோக நீர்வழி. அஸ்திவாரம் போடவோ, ஓடுகிற ஆற்றை ஒதுக்கியாக வேண்டும். அதற்குத் தற்காலிக அணைகள். சென்னைப் பயனீர் பட்டாளத்தாரும் கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும் அவற்றில் பாடுபட்டார்கள். அவர்கள் கட்டினார்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மறுபடி கட்டினார்கள். பிறகு கழற்றி எறிவதற்கென்றே கட்டிய இந்த வேலைதான், மொத்தத்திலும் மிகக் கடினமானதாக இருந்திருக்கிறது.

காலண்டரும் அவர்கள் கையில் இல்லை. கோடையில் மலைக்காய்ச்சல் தலையெடுத்தால் ஆட்கள் கீழே இறங்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் ஆறு விடாது. காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்ததே 1897-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே அணை முடிந்துவிட்டது. எந்த எதிரி கொல்கிறான் என்று தெரியாமலே வேலை செய்து மாண்டவர்கள் அணைக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கிளை, சுரங்கம். மலை முதுகைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் போகிறது அது. அணையை எதிர்பாராமல் அந்த வேலையைத் தனியே நடத்தலாம். ஆனால் பலன் தருவது இரண்டும் சேர்ந்த பிறகுதான். ஏனென்றால் நீர்மட்டம் 104 அடியைத் தாண்டினால்தான் தண்ணீர் தமிழ்நாட்டுப் பக்கம் வரும். 155 அடி அணையில் நூறு அடி எழும்பியிருந்தால் கணக்குப்பிள்ளை "மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது" என்று எழுதுவார். மதுரைக்கு ஒரு சொட்டுக் கூட வந்திராது. மென்பொருள் காட்டும் சதவிகிதத்தைப் பார்த்து மகிழ்ந்து போகும் அதிகாரிகளுக்கு இந்த 104 அடியைச் சொல்லத் தோன்றுகிறது.

செய்யாமல் விட்ட வேலையும் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுரங்கத்தை விட்டு வந்த தண்ணீருக்குத் தனிக் கால்வாய் தோண்டவில்லை. வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றில் கலந்து, வைகையோடு தானே இறங்கி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். கீழே பேரணையில் மறித்து, அங்கிருந்து பிரதானக் கால்வாய்.

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். வேலைகளை வரைபடமாகப் போட்டுக் காட்டும் முறையைப் போலந்துக்காரரான காரோல் அடமியெட்ஸ்கி வகுத்தது மறு வருஷம். காண்ட் என்ற அமெரிக்கரின் பட்டைப் படம் அதற்கும் பிறகு. எதற்காக எது காத்திருக்கிறது என்று கணக்கிடும் முறைகள் வந்தது 1957, 1958-இல்.

பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்று தேனிப் பக்கத்தில் சொல்வார்கள். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழும்பியது; பொங்கலன்று அங்கே பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் சொத்து விற்ற கதையை நான் நம்பவில்லை. கட்டியது சர்க்கார் பணம். தலைப்புக்கு ஒரே பெயர் வேண்டும் என்ற ஆசையில் பிறந்த கதை அது. தற்காலிக அணையில் ஆணி அடித்த தச்சனின் பெயரை யார் தேடப் போகிறார்கள்?

இவ்வளவும் முடிந்து, பிரதானக் கால்வாயில் தண்ணீர் புரண்டு வந்தாலும், வயலுக்கு அது போய்ச் சேர்ந்துவிடாது. கிளை வாய்க்கால், மடை, வரப்போரத்து வாய்க்கால் என்று கடைசி வரிகள் பாக்கி. அவற்றைத் தூர்வாரும் குடிமராமத்து ஊரார் பொறுப்பு. அதற்கு வர மறுப்பவர்களைக் கட்டாயப்படுத்த, பெரியாற்று வேலைக்கு முந்தியே, 1858-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அப்புறம் வழக்கம் தேய்ந்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரையே எடுத்துத் திட்டமாக்கியது. அணைக்கு முடிவு நாள் எழுதிவிடலாம். இந்த வரிக்கு முடிவு நாள் கிடையாது. ஒரு வருஷம் மண்வெட்டி இறங்காவிட்டால், தலைமடைக்காரர் நடவு முடித்துக் கை கழுவும்போது, கடைமடைக்காரர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.